வீமன் இல்லாத ஸ்னோக்காலம்

இருங்கோ தங்கச்சி, இருங்கோ. அந்தப் பையைத் தூக்கி என்ர காலடியில வையுங்கோ. யன்னல் பக்கம் நீங்களே இருங்கோ, எனக்கு வேண்டாம். ஏனெண்டு பிறகு சொல்லுறன். தமிழ்ப் பிள்ளையெண்டு பஸ்ஸில ஏறேக்கையே விளங்கிட்டுது. இந்தக் குளிருக்குள்ளயும் தோடு தெரியத் தொப்பி போட்டிருக்கிறியள், வேற ஆர் அப்பிடிப் போடுவினம்? கலியாணம் முடிச்சு வந்தனீங்களோ? ஐப்பசியிலயோ? அப்ப இது உங்களுக்கு முதல் ஸ்னோ. சந்தோசமா இருக்கோ? இருக்கும், இருக்கும். முதல் வருசம் எல்லாருக்கும் அப்பிடித்தான்.

கொஞ்சம் மெதுவாக் கதைப்பம், என்ன. ஆக்கள் திரும்பிப் பாக்கினம்.

ஏன் பஸ் நிக்குதெண்டோ? அங்க முன்னால தடுப்புப் போட்டிருக்கு, சிவப்பு லைட் எரியுது பாருங்கோ. மலைக்கு மேல காத்து. இப்பிடியான நாளில வாகனங்களைத் தனிய விடமாட்டினம். ஸ்னோ வழிக்கிற லொறி அங்கால நிக்கிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு இஞ்சால வரும். பிறகு திரும்பி எங்களைக் கூட்டிக்கொண்டு போகும். அது முன்னால தள்ளித் தள்ளிப் போக, நாங்கள் எல்லாரும் வரிசையாப் பின்னால போக வேணும். அதின்ர தலையில மஞ்சள் லைட் ஒண்டு சுத்திச் சுத்தி எரியும். அதைக் கண்டால் எனக்கு முதலே சொல்லிப்போடுங்கோ, நான் கண்ணை மூட வேணும். பயமில்லை. பயமெண்டு நினைக்காதையுங்கோ. அந்த வெளிச்சத்துக்கு எனக்குத் தலையிடிக்கும்.

முன் சீற்றில சுருண்டு நித்திரை கொள்ளுறாளே, அது என்ர சின்னவள். நிதுஷா. நிது எண்டு கூப்பிடுறது. டவுணுக்குப் பல்லுக் காட்டக் கூட்டிக்கொண்டு போறன். பாத்தீங்களோ, கழுத்தில என்ன கட்டியிருக்கிறாளெண்டு? ஓம், நாய்ப்பட்டிதான். கழட்டமாட்டன் எண்டு நிக்கிறாள். பள்ளிக்கூடத்திலயும் சொல்லிப் பாத்திட்டினம், கழட்டமாட்டாளாம். ஆக்கள் என்ன நினைப்பினம் சொல்லுங்கோ. தமிழ்ச் சனம் பிள்ளைக்கு நாய்ப்பட்டி கட்டி வைச்சிருக்குதுகள் எண்டுதானே நினைப்பினம். நானெண்டால் பேசாமல் விட்டிட்டன். நான் ஏன் விட்டனான் எண்டு கேட்டியளெண்டால், அது பெரிய கதை.

லொறி வர நேரமிருக்கு. சொல்லுறன்.

எனக்கு நாயெண்டால் ஆகாது. இவர்தான் கொண்டு வந்தவர். இவர் மீன் பக்டரியில மீன் வெட்டுற வேலை. அங்க இவரோட வேலை செய்த நோர்வேக்காரர் ஒருத்தர் மகளோட இருக்கிறதுக்குத் தெற்குப் பக்கம் போனவர். அங்க நாய் வைச்சிருக்க ஏலாதாம். இவர் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. ஓமெண்டிட்டார். வேலையால வாறார், பின்னால ஒரு நாய் வருது. நாயெண்டால் சின்ன நாயில்லை, என்ர இடுப்பளவு. உடம்பு முழுக்கச் சாம்பல் மயிர். வாசலில நிண்டு உடம்பை ஒரு உலுப்பு உலுப்பினான், என்ர சாமித்தட்டு மட்டும் ஸ்னோ தெறிச்சது. நான் கதிரையில ஏறி நிண்டனான். சிரியாதையுங்கோ. நீங்களெண்டாலும் ஏறித்தான் நிண்டிருப்பியள்.

அவன் தின்னுறதைப் பாத்து இவர் வீமன் எண்டு பேர் வைச்சவர். முந்தியும் ஒரு பேர் இருந்ததுதான், எங்களுக்கு அது வாயில வரேல்லை. அவனும் கவலைப்படேல்லை, புட்டும் மீன்குழம்பும் போட்டால் எந்தப் பேரைச் சொன்னாலும் வருவான். கொஞ்ச நாளில தமிழில என்ன சொன்னாலும் அவனுக்கு விளங்கும். ‘தள்ளு’ எண்டால் தள்ளுவான். ‘சோறு’ எண்டால் ஓடி வருவான். ‘வாயை மூடு’ எண்டால் மட்டும் விளங்காது.

எங்கட பிள்ளையளுக்கு அவன் வந்த நாள்தொட்டு ஸ்னோக்காலமெண்டால் கொண்டாட்டம். மூத்தவன் ஆதவன், அவனுக்கு இப்ப பன்னிரண்டு. புயலடிச்சுப் பள்ளிக்கூடம் பூட்டினால் விடிய வெள்ளன எழும்பிடுவாங்கள். பள்ளிக்கூட நாளில எழும்பாத ஆக்கள். இவர் வாசலில ஸ்னோவைக் குவிச்சுச் சறுக்கு மரம் மாதிரி ஒண்டு கட்டிக் குடுப்பார். ஆதவன் சறுக்க வீமனும் சறுக்குவான், வயித்தால. ஸ்னோவுக்குள்ள பாய்ஞ்சானெண்டால் ரெண்டு காதுதான் வெளியில தெரியும். நிது அந்தக் காது ரெண்டையும் பிடிச்சுக்கொண்டு முதுகில கிடப்பாள். நான் பருத்தித்துறை வடை சுட்டுச் சுடச்சுடக் கொண்டுபோய்க் குடுப்பன். புதுசா விழுந்த ஸ்னோவைக் கிண்ணத்தில அள்ளி, நன்னாரிச் சர்பத்தை ஊத்தித் தின்னுவாங்கள். நான் ஏசுவன், தடிமன் பிடிக்குமெண்டு. பிறகு நானும் ஒரு கரண்டி. நல்லாத்தான் இருக்கும்.

இவர் இருக்கிறாரே, ஐம்பது வயதில ஸ்னோவுக்குள்ள மல்லாக்கக் கிடந்து கையை விரிச்சு விரிச்சுக் குருவிச் செட்டை மாதிரி ஏதோ கோலம் போடுறார், பக்கத்தில வீமனும் மல்லாக்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி. நான் யன்னலுக்குள்ளால பாத்துப் பாத்துச் சிரிப்பன். சத்தம் வராமல்தான்.

அவனில ஒரே ஒரு குற்றம். ஸ்னோ லொறி.

எங்கட வீடு றோட்டின்ர முடிவில இருக்கு. அதுக்கு அங்கால றோட்டில்லை. லொறி முழு றோட்டையும் வழிச்சுக்கொண்டு வந்து, எங்கட வீட்டுக்குப் பக்கத்திலதான் எல்லாத்தையும் தள்ளிக் குவிச்சிட்டுத் திரும்பும். தை மாதத்தில அந்தக் கும்பி வீட்டுக் கூரையளவு வந்திடும். பிள்ளையளுக்கு அதுதான் மலை, அதுதான் கோட்டை. அதுக்குள்ளதான் குடைஞ்சு குடைஞ்சு குகை செய்வாங்கள். இந்த ஊர்ப் பிள்ளையள் எல்லாம் ஸ்னோவுக்குள்ள குகை செய்யும்தானே, இவங்களும் செய்தாங்கள்.

இந்த லொறி அங்க சந்தி திரும்பேக்கையே வீமனுக்குத் தெரிஞ்சிடும். எங்களுக்கு ஒண்டும் கேளாது. அவன் தொடங்கிடுவான். முதல் நீட்டி ஒரு குலை. பிறகு வெட்டி வெட்டி, விடாமல். லொறி கிட்ட வரவரக் கூடும். அந்தக் கும்பியில ஏறி நிண்டு, உயிர் போற மாதிரிக் குலைப்பான். லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். அயலட்டை முழுக்கக் கேக்கும்.

நான் என்ன செய்யிறது? அடுப்பில எது இருந்தாலும் அப்பிடியே விட்டிட்டு ஓடுவன். ‘வாயை மூடு, உஷ், சனியனே, வாயை மூடு’ எண்டு பட்டியில பிடிச்சு இழுத்துக்கொண்டு வருவன். பிள்ளையளுக்கும் அதோட ஏச்சு விழும். அவங்களையும் கையில பிடிச்சு வீட்டுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திப்போட்டு, லொறி போனாப் பிறகுதான் திரும்ப விடுறது. ஒவ்வொருக்காலும் இதுதான். இவர் சிரிப்பார். ‘நாய் குலைக்கிறதுக்கு நீர் ஏன் இப்பிடி ஓடுறீர்?’ எண்டு கேப்பார். அவருக்கென்ன. பக்கத்து வீட்டு பெரித் யன்னலில நிண்டு பாக்கிறது அவருக்குத் தெரியுமோ?

பெரித் ஆரெண்டால், தனிய இருக்கிற ஒரு மனுசி, முந்தி ரீச்சராய் இருந்தவ. லொறி வந்து வீமன் குலைக்கத் தொடங்கினால் திரைச்சீலை விலகும். பேசமாட்டா. பாத்துக்கொண்டு நிப்பா. பேசுற ஆளுக்குப் பயமில்லை, பேசாமல் பாக்கிற ஆளுக்குத்தான் பயம். எங்க போய்ச் சொல்லுவாவோ, ஆருக்கு எழுதிப் போடுவாவோ. இஞ்ச தாய்தேப்பன் சரியில்லையெண்டு கண்டால் பிள்ளையளைக் கொண்டுபோறதுக்கெண்டே ஒரு அரசாங்கக் கந்தோர் இருக்கு தங்கச்சி, உங்களுக்கு இனித்தான் தெரிய வரும். ஒருத்தரும் என்னட்டை வந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. நல்ல ஆக்களெண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். ஆனா வந்தால்? ‘உங்கட வீட்டில ஏன் எந்த நேரமும் சத்தம்’ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?

அதாலதான் பிள்ளையளை நான் அப்பிடிப் பழக்கினது. வெளியில கத்தப்படாது. விழுந்தாலும் குளறப்படாது. ஏதும் வேணுமெண்டால் கிட்ட வந்து சொல்ல வேணும். நிது மூண்டு வயசில சறுக்கி விழுந்து உதடு கிழிஞ்சு, ரத்தத்தோட நடந்து வந்து என்ர சட்டையைப் பிடிச்சு மெல்லமா ‘அம்மா, நோகுது’ எண்டவள். பள்ளிக்கூடத்தில கூட மெச்சினவை. இவ்வளவு அமைதியான பிள்ளை இல்லையாம்.

நாய் குலைக்கிறது எனக்கு ஏன் ஆகாதெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் எங்கட பக்கம்தானே. ஓ, சண்டை நேரம் நீங்கள் சின்னப் பிள்ளை. எங்கட ஒழுங்கையில நாய் குலைச்சால் ஆரோ வாறாங்கள் எண்டு அர்த்தம். முதல் தூரத்தில ஒரு நாய், பிறகு அதுக்குக் கிட்ட ஒண்டு, பிறகு எங்கட வேலிக்குக் கிட்ட. அம்மா என்ர வாயைப் பொத்துவா. தம்பி கைக்குழந்தை, அவன்ர வாயையும் மற்றக் கையால பொத்துவா. எங்கட நாய்க்கு அப்பா சாக்குத் துணியால வாயைக் கட்டி வைச்சிருந்தவர். அது கண்ணால பாக்கும். அதை விடுங்கோ. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. இது நோர்வே. இஞ்ச ஆர் வரப் போறாங்கள்?

வீமன் போன புரட்டாதியில செத்துப்போனான். வயது போட்டுது. பின்னங்கால் ரெண்டும் இழுத்திட்டுது. மிருக வைத்தியரிட்ட இவர்தான் தூக்கிக்கொண்டு போனவர். வரேக்க கையில பட்டி மட்டும். பிறகு சாம்பலை ஒரு சின்னத் தகர ரின்னில தந்தவை. அதை எங்க வைக்கிறது? சாமித்தட்டில வைக்கேலாது. பிள்ளையள் விடாமல் நிண்டதால அதுக்குக் கீழ்த்தட்டில வைச்சனான். நான் அழேல்லை. அண்டைக்கு நிறைய வெங்காயம் வெட்டினனான், அவ்வளவுதான்.

ஆனா வீடு சரியான அமைதியாப் போச்சு. பெரித்தின்ர திரைச்சீலை விலகிறேல்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இந்த வருசம் ஸ்னோ லொறி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. காலமை எழும்பிப் பாத்தால் றோட்டு வழிச்சிருக்கும். அட, வந்திட்டுப் போயிருக்கிறான் எண்டு நினைப்பன். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்டும் நான் யோசிக்கேல்லை. நீங்களெண்டால் யோசிச்சிருப்பியளோ?

இந்தத் தை மாதம் பெரிய புயல் அடிச்சதெல்லோ. பள்ளிக்கூடம் பூட்டு. புயல் விட்டாப் பிறகு பாத்தால் வெளியில எல்லாம் வெள்ளை, கார் எங்க நிக்குதெண்டு தெரியாது. பிள்ளையள் வீமனை நினைச்சு ஒருமாதிரி இருந்ததுகள். இவர்தான் சொன்னவர், ‘வாங்கோ, அவனைச் செய்வம்’ எண்டு. எல்லாரும் மனுசனைச் செய்வினம், எங்கட வாசலில நாய். நல்ல வடிவாச் செய்தாங்கள் தங்கச்சி. இருக்கிற மாதிரி, ஒரு காது மடிஞ்சு. ஆதவன் பட்டியைக் கொண்டுவந்து கழுத்தில கட்டினான். மூக்குக்கு நான் ஒரு கத்தரிக்காய்க் காம்பு குடுத்தனான். நிது ஒரு வடையை அதின்ர வாய்க்கு முன்னால வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டாள். இவர் மற்றப் பக்கம் திரும்பி மூக்கைச் சீறினவர்.

பிறகு நிது ஒரு விளையாட்டுத் தொடங்கினாள். தான்தான் வீமனாம். நாலு காலில ஓடுறாள். ஸ்னோவுக்குள்ள பாயிறாள். அந்தக் கும்பியில ஏறி நிண்டு குலைக்கிறாள். எப்பிடியெண்டு நினைக்கிறியள்? அச்சு அவன்தான். முதல் நீட்டி ஒண்டு, பிறகு வெட்டி வெட்டி. இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். ஆதவனும் சிரிச்சான். எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி. ‘உஷ்! வாயை மூடு. நாய் மாதிரிக் குலைக்கிறதே பொம்பிளைப் பிள்ளை?’ எண்டு ஏசினனான். அந்த நேரம் பாத்துப் பெரித்தின்ர திரைச்சீலை விலகுது. எனக்குப் பகீரெண்டுது. பிள்ளையைப் பிடிச்சு வைச்சுச் சொன்னனான், இன்னொருக்கால் இந்தச் சத்தம் கேட்டால் ஸ்னோவுமில்லை, ஒண்டுமில்லை எண்டு. தலையாட்டினாள். சொல்வழி கேக்கிற பிள்ளை.

அதுக்கடுத்த நாள். இவர் மத்தியான வேலைக்குப் போட்டார். மத்தியானமெண்டாலும் தை மாதம் இஞ்ச வெளிச்சம் எங்க கிடக்கு, நீலமா ஒரு மங்கல், அதுவும் கொஞ்ச நேரம். பிள்ளையள் வெளியில. கும்பிக்குள்ள குகை பெரிசாக் குடைஞ்சிட்டாங்களாம், உள்ளுக்குள்ள ரெண்டு பேர் இருக்கலாமாம். நான் குசினியில றோல்ஸ் பொரிக்கிறன். பொரிக்கேக்க நான் யன்னல் திறக்கிறேல்லை, மணம் போகுமெண்டு. அண்டைக்கு எண்ணெய் புகைஞ்சிட்டுது. புகைக்கு அலாரம் கத்துமே எண்டு பயந்து கொஞ்சம் திறந்தன். திறந்தது கடவுள் புண்ணியம்.

ஆதவன் வந்தவன். கையுறை நனைஞ்சிட்டுது, வேற எடுக்க வந்தனான் எண்டான். மேல போனான். போனவன் போனில ஏதோ பாத்துக்கொண்டு இருந்திட்டான். பிள்ளையைக் குற்றம் சொல்லாதையுங்கோ. நான் எத்தினையோ தரம் சொல்லிட்டன் அவனுக்கு, உன்னில ஒரு பிழையுமில்லை எண்டு.

நிலம் கொஞ்சம் அதிர்ந்த மாதிரி இருந்தது. அடுப்புச் சத்தத்தில நான் கவனிக்கேல்லை.

பிறகு கேட்டுது.

வீமன் குலைக்கிறான்.

தங்கச்சி, நான் பொய் சொல்லேல்லை. முதல் நீட்டி ஒண்டு. பிறகு வெட்டி வெட்டி. ஆனா தூரத்தில இல்லை, கிட்டவும் இல்லை. நிலத்துக்குக் கீழ இருந்து வாற மாதிரி. நான் திரும்பி அந்த ரின்னைப் பாத்தன். கீழ்த்தட்டில அப்பிடியே கிடக்கு, மூடி மூடினபடி. குலை நிக்கேல்லை. கையில இருந்த அகப்பை விழுந்து, எண்ணெய் காலில தெறிச்சது கூடத் தெரியேல்லை. வந்திட்டான் எண்டு நினைச்சன். நாங்கள் அவனைச் சிலையாச் செய்து, பட்டியும் கட்டி, வடையும் வைச்சுக் கூப்பிட்டிட்டம், அவனும் வந்திட்டான். அப்பிடித்தான் நினைச்சன். வேற என்னத்தை நினைக்கிறது?

நேரே சாமித்தட்டுக்குப் போய் நிண்டன். திருநீறை அள்ளி நெத்தியில, கழுத்தில, நெஞ்சில பூசினன். தேவாரம் ஒண்டும் வாயில வரேல்லை. சின்னனில படிச்சது எல்லாம் மறந்து போச்சு. ‘போ வீமன், போ ராசா, இஞ்ச வராத’ எண்டு சொல்லிக்கொண்டு நிண்டன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. எவ்வளவு நேரம் நிண்டனெண்டு தெரியாது. அதை மட்டும் என்னட்டைக் கேளாதையுங்கோ. இவரும் கேட்டார், நான் சொல்லேல்லை.

அவன் விடுறானில்லை. குலைக்கிறான். சத்தம் கம்மிக்கொண்டு போகுது, ஆனா விடுறானில்லை.

அப்பதான் எனக்குத் திடீரெண்டு வந்தது. பெரித். பெரித்துக்குக் கேக்கப் போகுது. பேயோ நாயோ, குலைக்கிறது எங்கட வீட்டு நாய். அவ யன்னலில நிண்டு பாக்கப் போறா.

சிரியாதையுங்கோ. சத்தியமா அதுதான் என்னை வெளியில கொண்டு போனது. ஜக்கெற் போடேல்லை. வீட்டுச் செருப்போட, நெத்தி முழுக்கத் திருநீறோட, கதவைத் திறந்துகொண்டு ஓடினன். ‘வீமன், வாயை மூடு! உஷ்!’ எண்டுகொண்டு. செத்த நாயை அடக்கப் போறன்.

வாசலில அந்த ஸ்னோ நாய் இருந்தபடி இருக்கு. பட்டி கழுத்தில. அதின்ர வாயில சத்தமில்லை. நான் அதுக்கு முன்னால நிண்டு உஷ், உஷ் எண்டுறன். அப்ப இஞ்சால பக்கம் இருந்து ஒரு குலை, சின்னதா. திரும்பிப் பாத்தன். றோட்டு வழிச்சுக் கிடக்கு. புதுசா. லொறி வந்து போன தடம் கும்பி மட்டும் போகுது. கும்பி பெரிசா இருக்கு. நேற்றுப் பாத்ததை விடப் பெரிசா. அந்தக் குகை வாசல் இருந்த இடத்தில வாசலில்லை.

நிதுவின்ர சிவப்பு வாளி மட்டும் பக்கத்தில கவிண்டு கிடக்கு.

கையாலதான் கிண்டினன். லொறி தள்ளின ஸ்னோ மா மாதிரி இருக்காது தங்கச்சி, கட்டி கட்டியா, கல்லு மாதிரி இருக்கும். நகமெல்லாம் போட்டுது. கத்த வேணும், ஆதவனைக் கூப்பிட வேணும், ஆரையாவது கூப்பிட வேணும். வாயைத் திறக்கிறன், சத்தம் வருதில்லை. காத்து மட்டும் வருது. உள்ளுக்குள்ள பிள்ளை, எனக்குச் சத்தம் வருதில்லை.

அப்ப பக்கத்தில ஸ்னோ அள்ளுற சவள் ஒண்டு வந்து குத்திச்சுது. பாத்தால் பெரித். வீட்டுச் சட்டைக்கு மேல ஒரு கோட்டு, தலைமயிரெல்லாம் பறந்துகொண்டு. இந்த வயசில அப்பிடி வெட்டி எறிஞ்சா. நான் கையால இழுத்தன். முதல் ஒரு சப்பாத்துத் தெரிஞ்சது. காலைப் பிடிச்சு இழுத்தம்.

நல்ல காலம், முகத்துக்கு முன்னால குகையின்ர கொஞ்ச இடம் இடியாமல் நிண்டிருக்கு. அதுக்குள்ளதான் மூச்சு விட்டிருக்கிறாள். உதடு நீலம். கண் திறந்திருக்கு. அழேல்லை. என்ர பிள்ளை அழேல்லை. என்னைப் பாத்து முதல் என்ன சொன்னவள் தெரியுமோ? ‘அம்மா, ஏசாதையுங்கோ’ எண்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் பாத்து, எல்லாம் சரியெண்டு விட்டிட்டினம். பெரித்தும் எங்களோட வந்தவ. அங்க கதிரையில இருந்துகொண்டு சொல்லுறா, இந்த வருசம் உங்கட நாய் இல்லாதது தனக்குச் சரியான கவலையாம். அவன் குலைச்சால்தான் லொறி வருதெண்டு தனக்குத் தெரியுமாம், உடன காரை எடுத்து ஒதுக்கி விடுவாவாம். பிள்ளையள் உள்ளுக்குப் போட்டுதுகளோ எண்டும் யன்னலால பாத்துக்கொள்ளுவாவாம். அண்டைக்கு அவன் குலைக்கிற சத்தம் கேக்க, நாய் செத்துப்போச்சே, பிறகென்ன சத்தமெண்டு சவளையும் தூக்கிக்கொண்டு வந்தவவாம். பாருங்கோவன். பக்கத்து வீட்டில இருந்துகொண்டு இதை முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ? இந்தச் சனம் இப்பிடித்தான், வாய் திறக்காதுகள்.

அதுக்குப் பிறகு வீட்டில, போர்வையால சுத்தி மடியில வைச்சுக்கொண்டு நிதுவைக் கேட்டனான். ‘ஏன் பிள்ளை குலைச்சனீ? ஏன் அம்மா எண்டு கத்தேல்லை?’ எண்டு.

அவள் என்னை ஒரு மாதிரிப் பாத்தாள். இது கூடத் தெரியாதோ எண்ட மாதிரி. ‘நான் கத்தினா நீங்கள் உஷ் எண்டுதானேம்மா சொல்லுவீங்கள்? வீமன் குலைச்சால்தானே ஓடி வருவீங்கள்’ எண்டாள்.

எவ்வளவு கெட்டித்தனம் பாத்தீங்களோ. ஆறு வயசு. ஸ்னோவுக்குள்ள மூடுப்பட்டுக் கிடந்துகொண்டு இதை யோசிச்சிருக்கிறாள். நான் எல்லாருக்கும் சொல்லுறனான், அவளுக்கு இவரின்ர மூளையெண்டு.

ஆனா அது என்ன கதை, சொல்லுங்கோ? கத்தினால் நான் வராமல் இருப்பனோ? என்ர பிள்ளை அம்மா எண்டு கத்தினால் நான் வராமல் விடுவனோ? வந்திருப்பன். யன்னலுக்குள்ளால உஷ் எண்டு ஒருக்கால் சொல்லியிருப்பன், அவ்வளவுதான், பிறகு வந்திருப்பன். வந்திருப்பன்தானே தங்கச்சி?

ஏன் கையுறையைப் போடுறியள்?

பரவாயில்லை. குளிருக்கு உங்களுக்கும் கை விறைச்சுப் போச்சாக்கும்.

நாய்ப்பட்டியை அண்டைக்கே அந்த ஸ்னோ நாயில இருந்து கழட்டித் தன்ர கழுத்தில போட்டவள்தான். நானும் பேசாமல் விட்டிட்டன். இப்ப லொறி வாற சத்தம் முதல் அவளுக்குத்தான் கேக்குது. எனக்கு இன்னும் கேக்கிறதில்லை. அதால வீட்டில நான் யன்னலடியிலயே இருக்கிறன். சமையல் கூட அங்க இருந்து எட்டி எட்டித்தான். இவர் ஏசுறார், பிள்ளையளை வெளியிலயே விடுறீரில்லை எண்டு. விடுறன்தான். நானும் கூடப் போய் நிக்கிறன், பட்டியில பிடிச்சுக்கொண்டு. இப்ப சொல்லுங்கோ, இதைப் பயமெண்டு சொல்லலாமோ?

என்ன, லைட்டோ? எங்க? வேண்டாம், காட்டாதையுங்கோ. நான் பாக்கேல்லை. ஆனா பஸ்ஸின்ர கூரையில தெரியுது, மஞ்சளா, சுத்திச் சுத்தி. வந்திட்டுது. வந்திட்டுதெல்லோ?

நிது எழும்பிட்டாள். பாருங்கோ, யன்னல் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கொண்டு நிக்கிறாள். ஐயோ, வாயைத் திறக்கப் போறாள். இந்தா, தொடங்கிட்டாள். முதல் நீட்டி ஒண்டு. கேட்டீங்களோ? அவன்தான், அச்சு அவன்தான். முழு பஸ்ஸும் திரும்பிப் பாக்குது. ட்ரைவரும் கண்ணாடிக்குள்ளால பாக்கிறான்.

உஷ் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது தங்கச்சி.

பாக்கட்டும். குலை பிள்ளை, நல்லாக் குலை. அம்மா இஞ்சதான் இருக்கிறன். இஞ்ச பார், பின்னாலதான் இருக்கிறன்.

பஸ் எடுக்கிறான் போல. நீங்கள் பயப்பிடாதையுங்கோ, என்ன. முதல் தரமெண்டால் எல்லாருக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கும். என்ர கையை இப்பிடி இறுக்கிப் பிடிக்கிறியளே.

என்னது? நானோ?

எப்ப பிடிச்சனான்? சரி. பிடிச்சது பிடிச்சதா இருக்கட்டும். மலை இறங்குமட்டும் விட்டிடாதையுங்கோ.